லண்டனில் ஓசி: பில் கட்டியது யார்?

லண்டனில் நர்ஸாக வேலை பார்க்கும் பெரியம்மா மகள் போன மாதம் போனில் பேசினாள். போய் ஒரு வருடம் ஆகிறது. வாடகை, பிராட்வே டிக்கெட், ஊருக்கு அனுப்பும் பணம் என்று புலம்புவாள் என்று நினைத்தேன். (பிராட்வே நியூயார்க்கில் இருக்கிறது, லண்டனில் இருப்பது வெஸ்ட் எண்ட் என்று அவளே திருத்தினாள். நமக்கு எல்லாம் ஒன்றுதான்.) அவளோ, "டேய் தம்பி, நேத்து லீவு. காலையில டிபன் பாக்ஸ்ல தயிர் சாதம் கட்டிக்கிட்டு கிளம்பினேன். மம்மி பாத்தேன், வான்கோவோட சூரியகாந்திப் படம் பாத்தேன், டைனோசர் எலும்பு பாத்தேன், சாயங்காலம் பார்க்ல உக்காந்து வாத்து பாத்தேன். பஸ்ஸுக்குத் தவிர ஒரு பென்னி செலவு இல்ல" என்றாள்.

உலகத்திலேயே விலைவாசி எகிறிக் கிடக்கும் ஊர்களில் ஒன்று. அங்கே போய் ஒரு நாள் முழுக்க ஓசி!

பி.காம் படிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது இலவசம் என்று சொன்னால், அதை எந்தக் கணக்கில் பற்று வைத்தார்கள் என்று மனசு தேட ஆரம்பித்துவிடும். செமஸ்டர் லீவில் உட்கார்ந்து தேடினேன். கிடைத்த கதையில் லாட்டரி, அடிமை வியாபாரம், வாராக்கடன், வரிச் சட்டம் எல்லாம் இருக்கிறது. சினிமா எடுக்கலாம்.

அதற்கு முன் இந்த 'ஓசி' என்ற வார்த்தை. கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்களுக்குத் தபால் செலவு கிடையாது, அவற்றின் மேல் கம்பெனிப் பணி என்பதைக் குறிக்க ஓ.சி. என்று முத்திரை குத்துவார்கள், அதிலிருந்துதான் நம்ம ஊர் ஓசி வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கம்பெனியின் தலைமை ஆபீஸ் லண்டனில்தான் இருந்தது. ஆகவே லண்டனுக்கும் ஓசிக்கும் சம்பந்தம் ரொம்பப் பழசு :-)

லாட்டரியில் பிறந்த மியூசியம்

ஹான்ஸ் ஸ்லோன் என்று ஒரு டாக்டர். அரச குடும்பத்துக்கே வைத்தியம் பார்த்தவர். 1753 ஜனவரியில் தன் 92வது வயதில் இறந்தார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது 71,000க்கும் மேற்பட்ட பொருட்கள்: புத்தகம், கையெழுத்துப் பிரதி, நாணயம், காய்ந்த செடி, பூச்சி, கல் என்று எதையும் விடவில்லை. உயிலில் ஒரு நிபந்தனை எழுதியிருந்தார். இதெல்லாம் நாட்டுக்குத் தருகிறேன், பதிலுக்கு என் மகள்கள் இருவருக்கும் 20,000 பவுண்டு கொடுத்துவிடுங்கள். நன்கொடை மாதிரி இருக்கும், ஆனால் முழு நன்கொடை இல்லை. தள்ளுபடி விற்பனை என்று சொல்லலாம்.

இரண்டாம் ஜார்ஜ் மன்னர் அதிக ஆர்வம் காட்டவில்லை. பார்லிமென்ட் எடுத்துக்கொண்டது. 1753 ஜூனில் பிரிட்டிஷ் மியூசியம் சட்டம் வந்தது. ஆனால் பணம்? கஜானாவிலிருந்து எடுக்க யாருக்கும் மனசு இல்லை. லாட்டரி நடத்தினார்கள். டிக்கெட் 3 பவுண்டு வீதம் 1,00,000 டிக்கெட். வசூல் 3 லட்சம், அதில் 2 லட்சம் பரிசு. மீதியில் செலவு போக மியூசியத்துக்குக் கிடைத்தது சுமார் 95,000 பவுண்டு.

இந்த லாட்டரியில் ஊழலும் நடந்தது. டிக்கெட் விற்கும் பொறுப்பில் இருந்த பீட்டர் லெஹியூப் என்பவர், ஒருவருக்கு இத்தனைதான் என்ற வரம்பை மீறிச் சிலருக்கு மொத்தமாகத் தள்ளிவிட்டார். அப்புறம் வெளியே கூடுதல் விலை. முதல் நாள் முதல் ஷோ டிக்கெட்டை பிளாக்கில் விற்பார்களே, அதே டெக்னிக். மாட்டிக்கொண்டார், 1,000 பவுண்டு அபராதம் கட்டினார். உலகப் புகழ் பெற்ற அந்தக் கட்டடத்தின் மூலதனக் கணக்கில் முதல் வரி இதுதான் என்று நினைத்தால் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

முதல் வரி என்றும் சொல்லக்கூடாது. அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. ஸ்லோனுக்கு இவ்வளவு சேர்க்கப் பணம் எங்கிருந்து வந்தது? வைத்தியத் தொழிலில் நல்ல சம்பாத்தியம்தான். கூடவே, மனைவி வழியில் ஜமைக்கா கரும்புத் தோட்டங்களின் வருமானம். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 2020ல் மியூசியமே இதை ஒப்புக்கொண்டு, பீடத்தில் இருந்த அவருடைய மார்பளவுச் சிலையை எடுத்து, விளக்கக் குறிப்போடு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மாற்றி வைத்தது. 'பில் கட்டியது யார்' என்று நான் தேட ஆரம்பித்தது ஒரு ஜாலிக்காகத்தான். இந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஜாலி போய்விட்டது.

இலவசம்தான், ஆனால் உள்ளே விட மாட்டோம்

கட்டடம் தேடியபோது பக்கிங்ஹாம் ஹவுஸ் 30,000 பவுண்டுக்கு வந்தது. விலை அதிகம், இடமும் தோதில்லை என்று வேண்டாம் என்றுவிட்டார்கள். பின்னாளில் அதுதான் பக்கிங்ஹாம் அரண்மனை ஆனது. இவர்கள் ப்ளூம்ஸ்பரியில் மான்டேகு ஹவுஸ் என்ற மாளிகையைச் சுமார் 10,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். 1759 ஜனவரி 15 அன்று திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? நடைமுறையைப் பாருங்கள். முதலில் வாசல் காவலரிடம் பெயர், தொழில்/அந்தஸ்து, விலாசம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை மேலதிகாரி பார்த்து, இந்த ஆள் தகுதியானவர்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். திரும்ப வந்து டிக்கெட் வாங்க வேண்டும். அதில் போட்டிருக்கும் நாளில் மூன்றாவது முறை வர வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு, கூடவே ஒரு ஊழியர் ஓட்டிக்கொண்டே போவார். தாலுகா ஆபீஸில் வருமானச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

வில்லியம் ஹட்டன் என்பவர் பர்மிங்ஹாம்காரர். சின்ன வயதில் பட்டாலையில் உழைத்து, பின்பு புத்தகக் கடை வைத்து மேலே வந்தவர். 1784ல் மியூசியம் பார்க்க வேண்டும் என்ற தீராத ஆசையோடு லண்டன் வந்தார். இலவச டிக்கெட் கிடைக்கவில்லை. கையில் வைத்திருந்த ஒருவரிடம் இரண்டு ஷில்லிங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்து வாங்கினார். உள்ளே போனால் வழிகாட்டி ஒரு வார்த்தை விளக்கவில்லை. இது என்ன என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார். சுமார் அரை மணி நேரத்தில் எல்லோரும் வெளியே. பார்த்ததைவிடப் பார்க்காமல் போனதுதான் அதிகம் என்ற வருத்தத்தை அவர் தன் பயணப் புத்தகத்தில் எழுதி வைத்தார்.

எனக்கு ஹட்டனை ரொம்பப் பிடித்துவிட்டது. கட்டணம் பூஜ்ஜியம் என்பதும் எல்லோரும் வரலாம் என்பதும் ஒன்றில்லை என்று இவர் கதையில்தான் புரிந்தது. டிக்கெட் முறை தளர்ந்தது 1810ல். வாரத்தில் மூன்று நாள், ஒழுங்காக உடுத்திய யாரும் நேராக உள்ளே வரலாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை திறக்க 1896 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்கிறவனுக்கு ஞாயிறு மூடிய மியூசியம் எவ்வளவு 'இலவசம்' என்று நீங்களே சொல்லுங்கள்.

வாராக்கடனும் கேஸ் விளக்கும்

அக்கா பார்த்த சூரியகாந்திப் படம் இருப்பது நேஷனல் கேலரியில். அதன் ஆரம்பம் எங்கள் அக்கவுன்டன்சி மேடத்துக்கே பிடிக்கும். ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன் என்பவர் லாயிட்ஸ் மரைன் இன்சூரன்ஸில் பெரும் பணம் பண்ணியவர். அவர் இறந்ததும் அவரிடம் இருந்த 38 ஓவியங்கள் விற்பனைக்கு வந்தன. அரசிடம் வழக்கம்போல காசு இல்லை. அந்த நேரம் பார்த்து, நெப்போலியன் போர்க் காலத்தில் ஆஸ்திரியாவுக்குக் கொடுத்த கடன், இனி வராது என்று எல்லோரும் மறந்துவிட்ட கடன், எதிர்பாராமல் கொஞ்சம் திரும்பி வந்தது. 1824ல் 57,000 பவுண்டு கொடுத்து 38 படங்களையும் வாங்கிவிட்டார்கள். வாராக்கடன் வசூலானால் லாப நட்டக் கணக்கில் வரவு வை என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். இவர்கள் அதை வைத்து ஒரு ஓவியக் கூடமே ஆரம்பித்திருக்கிறார்கள்!

1838ல் டிரஃபால்கர் சதுக்கத்தில் இப்போதைய கட்டடம் திறந்தது. அந்த இடத்துக்கு ஆதரவாகச் சொன்ன காரணம் ஒன்று: மேற்கிலிருந்து பணக்காரர்கள் வண்டியில் வரலாம், கிழக்கிலிருந்து ஏழைகள் நடந்தே வரலாம். பின்னாளில் புகையும் அழுக்கும் படங்களைக் கெடுக்கிறது, ஊருக்கு வெளியே சுத்தமான இடத்துக்கு மாற்றலாம் என்று பேச்சு வந்து கமிஷன் எல்லாம் வைத்தார்கள். மாற்றவில்லை. அங்கேயே இருந்தது.

1851ல் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி மகா கண்காட்சி நடத்தினார்கள். 60 லட்சம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். சுமார் 1,86,000 பவுண்டு உபரி. அந்தப் பணத்தில் தெற்கு கென்சிங்டனில் நிலம் வாங்கினார்கள். இன்று அங்கே வரிசையாக நிற்கும் விக்டோரியா ஆல்பர்ட், சயின்ஸ், இயற்கை வரலாறு மியூசியங்கள் எல்லாம் அந்த உபரியின் வட்டி மாதிரிதான். அக்கா பார்த்த டைனோசரும் இங்கேதான்.

இதில் ஹென்றி கோல் என்ற அதிகாரியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1857ல் தெற்கு கென்சிங்டன் மியூசியத்தைத் திறந்தபோது கூடங்களில் கேஸ் விளக்கு போட்டார். ஏன்? பகலெல்லாம் வேலை செய்கிறவன் ராத்திரிதானே வர முடியும். சாராயக் கடைக்குப் போகிற நேரத்தில் குடும்பத்தோடு இங்கே வரட்டும் என்பது அவர் கணக்கு. உள்ளேயே சாப்பாட்டுக் கடையும் வைத்தார். அதோடு விலை நிர்ணயத்திலும் ஆள் கில்லாடி. வாரத்தில் மூன்று நாள் எல்லோருக்கும் இலவசம், மற்ற மூன்று நாள் மாணவர் நாள், கூட்டம் இல்லாமல் உட்கார்ந்து வரைய 6 பென்ஸ். அமைதி வேண்டுமென்றால் காசு, கூட்டம் பரவாயில்லையென்றால் ஓசி. இதற்கு எங்கள் புத்தகத்தில் 'விலைப் பாகுபாடு' என்று ஒரு பாடமே இருக்கிறது.

பார்க்கில் வாத்து பார்த்த கதை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தனியாகவே எழுத வேண்டிய விஷயம். ஹைட் பார்க் எட்டாம் ஹென்றி 1536ல் துறவிகளிடமிருந்து பிடுங்கிய வேட்டைக் காடு. 1637ல் முதலாம் சார்லஸ் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். ஆனால் அங்கே கூடிப் பேசும் உரிமையை யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை. 1866 ஜூலையில் ஓட்டுரிமை கேட்டு வந்த கூட்டத்துக்குக் கதவை மூடினார்கள். கூட்டம் கம்பி வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே போனது. 1872 சட்டத்துக்குப் பிறகு, யார் வேண்டுமானாலும் நின்று பேசும் பேச்சாளர் மூலை நிலைத்தது. ஹாம்ஸ்டெட் ஹீத்தில் வீடு கட்டி விற்க அதன் ஜமீன்தார் தாமஸ் மேரியன் வில்சன் 1829 முதல் 40 வருடம் முயன்றார், எதிர்ப்பு விடவில்லை. அவர் இறந்த பிறகு தம்பி 45,000 பவுண்டு வாங்கிக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுத்தார். 1871ல் அது பொதுவெளி ஆனது. இன்றைய லண்டன் ரியல் எஸ்டேட் விலைக்கு அந்த மேட்டை யோசித்துப் பாருங்கள்.

மூன்று மாத டிக்கெட்

இருநூறு வருடம் இப்படி ஓடியதா, 1970களில் எட்வர்ட் ஹீத் அரசு வந்தது. அனுபவிக்கிறவன் காசு கொடுக்கட்டும் என்றார்கள். 1974 ஜனவரி 1 முதல் தேசிய மியூசியங்களில் 10 பென்ஸ் டிக்கெட். பிப்ரவரியில் தேர்தல், ஹீத் தோற்றார், மார்ச் முடிவதற்குள் கட்டணம் ரத்து. மொத்தம் மூன்று மாதம்!

அடுத்த சுற்று 1980களில் வந்தது. இந்த முறை சட்டம் போடவில்லை, மானியத்தை இறுக்கினார்கள். கட்டணம் வைக்கிறீர்களா, கூரை ஒழுகட்டுமா, உங்கள் இஷ்டம். 1984ல் கிரீன்விச் கடல்சார் மியூசியம், 1987ல் இயற்கை வரலாறு, 1988ல் சயின்ஸ் என்று வரிசையாகக் கட்டணம் வைத்தன. விக்டோரியா ஆல்பர்ட் 1985ல் 'மனமுவந்து கொடுங்கள்' என்று உண்டியல் வைத்து, 1996ல் கட்டாய டிக்கெட்டுக்கு மாறியது. கட்டணம் வந்த இடங்களில் கூட்டம் சரிந்தது. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மூன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு இலவசமாகவே இருந்தன.

இங்கேதான் என் பாடம் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், காமர்ஸ் அல்லாதவர்களும்.

பிரிட்டனில் மதிப்புக் கூட்டு வரி 1973ல் வந்தது. நம்ம ஜி.எஸ்.டி. மாதிரியேதான். நீங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை, நீங்கள் விற்கும்போது வசூலித்த வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நிபந்தனை, நீங்கள் தொழில் நடத்த வேண்டும். டிக்கெட் விற்கும் மியூசியம் தொழில் நடத்துகிறது. இலவச மியூசியம் எதையும் விற்கவில்லை, ஆகவே வரிச் சட்டத்தின் கண்ணுக்கு அது தொழிலே இல்லை. 2001ல் வரி 17.5 சதவீதம். கூரை பழுதுபார்க்க ஒரு லட்சம் பவுண்டு என்றால் மேலே 17,500 வரி. டிக்கெட் விற்கிறவருக்கு அது திரும்பக் கிடைக்கும். இலவசமாக விடுகிறவருக்கு அது செத்த காசு. அதாவது, ஜனங்களிடம் காசு வாங்காததற்கு அபராதம்!

1997ல் வந்த லேபர் அரசு எல்லா மியூசியத்தையும் மறுபடி இலவசமாக்க ஆசைப்பட்டது. கலாச்சார அமைச்சர் கிறிஸ் ஸ்மித். 1999ல் குழந்தைகளுக்கு, 2000ல் 60 வயது தாண்டியவர்களுக்கு இலவசம் என்று படிப்படியாக வந்தார்கள். பெரியவர்களுக்கும் இலவசமாக்கலாம் என்றால் இந்த வரி குறுக்கே நிற்கிறது. டிக்கெட்டை எடுத்தால் வரித் திருப்பமும் போய்விடும், இரட்டை நஷ்டம். அதனால் ஒரு பவுண்டு மட்டும் பேருக்கு வாங்கலாமா என்றுகூட யோசித்தார்கள். ஒரு பவுண்டு வாங்கினால் தொழில், வாங்காவிட்டால் தொழில் இல்லை. வரிச் சட்டம் படிக்கும்போது தூக்கம் வருகிறது என்று சொல்கிறவர்கள் இதையெல்லாம் படிக்க வேண்டும், நல்ல காமெடி.

தேசிய கலைச் சேகரிப்பு நிதி என்ற அமைப்பு சளைக்காமல் வாதாடியது. 2001 நிதிச் சட்டத்தில், 1994 வரிச் சட்டத்துக்குள் 33ஏ என்று ஒரு புதுப் பிரிவைச் செருகினார்கள். பட்டியலில் உள்ள மியூசியங்கள் இலவசமாகத் திறந்திருந்தால், கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம். அவ்வளவுதான். 2001 டிசம்பர் 1 அன்று எல்லா தேசிய மியூசியங்களும் கதவைத் திறந்துவிட்டன. அதுவரை டிக்கெட் வைத்திருந்த இடங்களில் முதல் வருடத்திலேயே கூட்டம் சுமார் 70 சதவீதம் ஏறியது, விக்டோரியா ஆல்பர்ட்டில் இரண்டு மடங்குக்கும் மேல். அக்கா தயிர் சாதத்தோடு போய் டைனோசர் பார்த்ததற்கு ஒரு வரிச் சட்டப் பிரிவு காரணம் என்று அவளிடம் சொன்னேன். "உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு" என்றாள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. கூட்டம் ஏறியது உண்மை, ஆனால் ஏழைகள் திரண்டு வந்துவிட்டார்களா என்றால் இல்லை. அப்போது எடுத்த சர்வேயில், ஏற்கெனவே வந்துகொண்டிருந்த படித்த, வசதியான ஆட்களே இன்னும் அடிக்கடி வருகிறார்கள் என்று தெரிந்தது. ஹட்டன் சந்தித்த கதவு ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் இருக்கிறது. இருந்தாலும் காசு வாங்குவதற்கு அது நியாயம் ஆகாது என்பது என் கட்சி.

வெளியூர்க்காரனுக்கு 20 பவுண்டு?

2024ல், பிரிட்டிஷ் மியூசியத்தின் இடைக்கால இயக்குநராக இருந்த மார்க் ஜோன்ஸ், வெளிநாட்டுப் பயணிகளிடம் 20 பவுண்டு வாங்கலாம் என்று யோசனை சொன்னார். படித்ததும் எனக்குச் சுரீர் என்றது. அங்கே இருப்பதில் பாதி யார் வீட்டுச் சொத்து? இலங்கையின் கிழக்குக் கரையில் கிடைத்த தாரா சிலை, ஆளுநர் பிரவுன்ரிக் 1830ல் கொடுத்தது, அங்கே நிற்கிறது. அதைப் பார்க்க ஒரு மட்டக்களப்புக்காரர் விசாவுக்கும் விமானத்துக்கும் கொட்டிக்கொடுத்துவிட்டு, வாசலில் 20 பவுண்டும் வைக்க வேண்டுமா? 'எல்லாம் உலக மக்களுக்குப் பொதுவாக இங்கே பத்திரமாக இருக்கிறது' என்பதுதானே திருப்பித் தராமலிருக்க அவர்கள் சொல்லும் காரணம். டிக்கெட் போட்டால் அந்தக் காரணமும் போச்சே!

கோபமாக நாலு வரி எழுதிவிட்டு, அப்புறம்தான் மாமல்லபுரம் ஞாபகம் வந்தது. நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. நாமும் அதைத்தான் செய்கிறோம். பஞ்ச ரதம் லண்டனிலிருந்து தூக்கி வந்தது இல்லை, அந்த வித்தியாசம் முக்கியம்தான். ஆனாலும் எழுதிய நாலு வரியில் இரண்டை அழித்துவிட்டேன்.

அக்கா போன வாரம் மறுபடி போயிருக்கிறாள், இந்த முறை அமராவதிச் சிற்பங்கள் பார்க்க. 1845ல் வால்டர் எலியட் என்ற அதிகாரி குண்டூர் பக்கம் தோண்டி எடுத்து மதராஸுக்கு அனுப்பியவை. அதில் 100க்கும் மேற்பட்டவை 1859ல் கப்பல் ஏறின. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஒரு தனி அறையில் வெள்ளை வெளேரென்று இருக்கிறதாம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு, "மிச்சம் எழும்பூர் மியூசியத்துல இருக்காமே, எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

எழும்பூர் மியூசியத்திலிருந்து என் காலேஜ் இரண்டு பஸ் ஸ்டாப். மூன்று வருடமாக அந்த வழியாகத்தான் போகிறேன். உள்ளே போனது ஆறாம் வகுப்பில், ஸ்கூல் டூரில், வரிசையில் நிற்கவைத்து, ஒரு மிஸ் ஓட்டிக்கொண்டே போனார். திமிங்கல எலும்புக்கூடு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அமராவதியைப் பார்த்தேனா என்றே தெரியவில்லை.

"பாத்துட்டுச் சொல்றேன்க்கா" என்றேன். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. சனிக்கிழமை போகிறேன், டிக்கெட் காசு நான்தான் கட்டப்போகிறேன். கூட யாராவது வருகிறீர்களா?